அடியில் மூன்று கோடு

நாடாளுமன்றத் தேநீர் அறையில் கேக்கை மென்றபடியே டெரெக் ஃபென்விக், எம்.பி., மேஜை மேல் போட்ட தாளைப் பார்த்ததும் டாக்டர் ஹேசலுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைய சபை அலுவல்களின் பட்டியல் அது. சிலவற்றின் கீழே ஒரு கோடு, சிலவற்றின் கீழே இரண்டு. பள்ளிக் குழாய்களைச் சோதிக்கச் சொல்லும் அவளுடைய சட்டத் திருத்தத்தின் கீழே மட்டும் மூன்று கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது போல.

‘மனுஷர் நம்ம வேலைய எவ்வளவு பெரிசா மதிக்கிறார்!’ என்று உருகிப்போனாள்.

ஆராய்ச்சிக்காரர்களையும் சட்டம் போடுகிறவர்களையும் ஜோடி சேர்த்து ஒரு வாரம் ஒன்றாக அலையவிடும் திட்டம் லண்டனில் உண்டு. அலைந்தால் அறிவு ஒட்டிக்கொள்ளுமாம். ஹேசல் பதினோரு வருஷமாகப் பழைய பள்ளிக்கூடங்களின் ஈயக் குழாய்களையும், அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளின் ரத்தத்தையும் சோதித்தவள். ஃபென்விக் பதினோரு வருஷமாகச் சபையில் தூங்கியவர்.

“தண்ணியில ஈயம் எவ்வளவு இருந்தா ஆபத்து டாக்டரம்மா?”

“எவ்வளவு இருந்தாலும் ஆபத்துதான் சார்.”

“அட, இது நல்லா இருக்கே!” அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கோணல்மாணலாகக் கிறுக்கிக்கொண்டார். “மூளைய என்ன பண்ணும்?”

“மெல்ல மந்தமாக்கிடும். வெளிய தெரியவே தெரியாது.”

“எங்க கட்சிக்காரங்க மொத்தப் பேரும் அந்தத் தண்ணியதான் குடிச்சிருக்காங்க போல!” அவர் ஜோக்குக்கு அவரே சிரித்துக்கொண்டார். பக்கத்து மேஜையிலிருந்த இன்னொரு எம்.பி.யும் சிரித்தார். அவர் கோட்டுப் பையிலிருந்தும் அதே மாதிரி ஒரு தாள் எட்டிப்பார்த்தது. நுண்ணோக்கியில் தூசியைக்கூட விடாத ஹேசல், இதைக் கவனிக்கவில்லை.

“வருஷத்துக்கு ஒரு தடவ சோதனை, அவ்வளவுதான் சார். இது சட்டமாயிட்டா போதும். நான் பார்த்த முந்நூறு புள்ளைங்களுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்து வர்றதுங்களாவது...”

“கவலைய விடுங்க. இன்னிக்கு என் பேச்சைக் கேளுங்க!”

சொன்னபடியே வெளுத்து வாங்கினார். “எவ்வளவு இருந்தாலும் ஆபத்துதான்!” என்று அவர் முழங்கியபோது எதிர்வரிசைகூட ஆமோதித்துக் குரல் கொடுத்தது. பார்வையாளர் மாடத்தில் ஹேசல் அழுதேவிட்டாள்.

ஓட்டெடுப்பு மணி அடித்தது. எட்டு நிமிஷத்துக்குள் ‘ஆம்’ தாழ்வாரத்திலோ ‘இல்லை’ தாழ்வாரத்திலோ நுழைந்து தலை எண்ணிக்கைக்கு நிற்க வேண்டும். அதுவரை தேநீரும் அரட்டையுமாக இருந்த மகானுபாவர்கள் அலறியடித்து ஓடிவந்தார்கள். எதற்கு ஓட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆம்: 214. இல்லை: 319. திருத்தம் தோற்றது.

வெளியே வந்த ஃபென்விக்கைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. தன் துக்கத்தை விழுங்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

“மனசு விட்டுடாதீங்க சார். தோத்தாலும் நீங்க அப்படிப் பேசினீங்களே, அதுவே பெரிசு.”

“யாரு தோத்தது? நூறு ஓட்டுக்கு மேல ஜெயிச்சிருக்கோம்!”

ஹேசல் கையை விட்டாள். “நீங்க... எந்தப் பக்கம் போனீங்க?”

“‘இல்லை’ பக்கம்தான். வேற எங்க போறது?”

“அப்ப அந்தப் பேச்சு?”

“அது எங்க ஊர்ப் பேப்பருக்கு. நாளைக்கு என் படத்தோட வரும். பிரமாதமா எடுத்துக் குடுத்தீங்க போங்க!”

அவர் பையில் துருத்திக்கொண்டிருந்த தாளை உருவி, முகத்துக்கு நேரே நீட்டினாள். “அப்புறம் எதுக்கு என் திருத்தத்துக்குக் கீழ மட்டும் மூணு கோடு போட்டீங்க?”

பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார் ஃபென்விக்.

“நானா? மூணு கோடுன்னா கட்சி சொன்ன பக்கம் ஓட்டுப் போட்டே ஆகணும். அது எங்க கொறடா போட்ட கோடு, டாக்டரம்மா!”