சொன்னது இரண்டு

"வெள்ளை, ஒண்ணு. எழுதிக்கோ," என்றார் கணவர்.

அவள் பென்சிலைத் தூக்கியபடி பார்த்தாள். முள்செடியில் மாட்டிக்கொண்டு படபடத்தது ஒரு மிட்டாய்க் காகிதம்.

எழுதினாள். வெள்ளை, ஒன்று.

பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பில் சட்டம் அப்படி. இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்வார், மற்றவர் எழுதுவார். எழுதுகிறவர் பாதை முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அதோ பாருங்கள் என்று விரலைக்கூட நீட்டக் கூடாது.

ஆறு வருடமாக, குளிர் விலகும் நாட்களில், ஞாயிறு காலை தவறாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலுள்ள இந்த ஒற்றையடிப் பாதையில் அவர் சொல்ல அவள் எழுதுகிறாள். வீட்டில் ஓயாமல் பேசுகிறவளுக்கு வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான் மௌன விரதம் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இன்று அந்த விரதத்தைக் காப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அடுத்து, உதிர்ந்து வந்த பழுத்த இலை ஒன்றை மஞ்சள் என்றார். அதையும் எழுதினாள்.

வெயில் பட்ட இடமெல்லாம் பட்டாம்பூச்சிகள் சிறகை விரித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தன. கல்மேல் ஒன்று. காய்ந்த புல்லில் இரண்டு. வேலிக்கம்பியில் நிஜமான மஞ்சள் ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில். அவர் எல்லாவற்றையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

ஆனால் பறவை, அணில் எதையும் விடவில்லை. இலைக்குள் ஒளிந்திருந்த சிட்டைச் சொன்னார். புதருக்குள் ஓடிய அணிலைச் சொன்னார். முதுகுக்குப் பின்னால் கிளை மாறிய காக்கையைக்கூடச் சொன்னார். போன ஞாயிறும் இப்படித்தான். அன்று மேகமூட்டம், அவள் கண்ணுக்கும் ஒரு பட்டாம்பூச்சி தட்டுப்படவில்லை. அதனால் ஒன்றும் உறைக்கவில்லை.

பட்டாம்பூச்சிக்குச் சத்தம் கிடையாது.

அது புரிந்ததும் அவள் பென்சில் தாளிலேயே நின்றுவிட்டது.

விடுமுறைக்கு முந்திய நாள், தான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸை வாசல் தூணில் உரசிவிட்டு வந்து, அந்தத் தூணை அரை மணி நேரம் திட்டித் தீர்த்தார். பஸ் கம்பெனியில் வருடாவருடம் கண் பரிசோதனை உண்டு. பத்து வருடமாக அதே சுவர், அதே அட்டை, அதே எழுத்துகள். கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பேன் என்பார். வேடிக்கைப் பேச்சு என்று அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. நாற்பது பிள்ளைகள். எதிர் வீட்டு இரட்டைப் பெண்கள் ஏழரை மணிக்கே வாசலுக்கு வந்து முன் சீட்டுக்குச் சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். அவர் பெயரைச் சொல்லிப் பழகவில்லை அவர்கள். பஸ் மாமாதான்.

அவருக்கும் அதுதான் பெயர், அதுதான் எல்லாம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையின் முழங்கால்கூடச் சிராய்ந்ததில்லை. அந்த பஸ்ஸைப் பறித்துவிட்டால் மனிதர் என்ன செய்வார் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒருவேளை வெறும் கவனக்குறைவோ? அப்படித்தான் இருக்கட்டும் என்று மனசு கெஞ்சியது.

அவர் சட்டென்று நின்றார். டொக் டொக் டொக்.

"மரங்கொத்தி," என்று சத்தம் வந்த மரத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

நீட்டிய கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சட்டைக் கையில் வந்து உட்கார்ந்தது ஒரு பட்டாம்பூச்சி. ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கறுப்புக் கரை. சிறகை ஒரு முறை மூடித் திறந்து, நிதானமாக வெயில் காய்ந்தது.

அவர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் காத்திருந்தாள். சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று உள்ளுக்குள் மன்றாடினாள்.

அது பறந்தது. அவர் கையை இறக்கிக்கொண்டு நடந்தார்.

பாதையில் கால் வைக்கும்போதே அவர் கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்திருந்தார். இந்தக் குளிரில் எதற்கு இந்த வீரம் என்று கேட்க வந்தவள், கணக்கெடுப்பு தொடங்கிவிட்டதால் விழுங்கிக்கொண்டாள். இப்போது அந்தக் கோட்டின் பையில் ஏதோ கனத்தது. கையை விட்டுப் பார்த்தாள். பஸ் சாவி. தூங்கும்போது தவிர அவர் இடுப்பு வளையத்தை விட்டு இறங்காத சாவிக்கொத்து.

அத்தனையையும் ஒரே பிடியில் அழுத்திப் பிடித்து, சத்தம் வராமல் எடுத்துத் தன் தோள்பைக்குள் போட்டாள். கட்டிய புருஷனிடமே திருடுகிறோம் என்று கண் நிறைந்தது.

பாதை முடிந்தது. இங்கே வந்துவிட்டால் எழுதுகிறவர் வாய் திறக்கலாம்.

"மொத்தம்?"

"ரெண்டு."

"நீ பாத்தது?"

ஆறு வருடத்தில் அவர் கேட்டிராத கேள்வி. பொய் சொல்லத்தான் நாக்கு துடித்தது.

"பதினொண்ணுங்க."

அவர் தலையை ஆட்டினார். கோட்டைத் தடவி வாங்கிப் போட்டுக்கொண்டார். கை பைக்குள் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

அவள் தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கை வெறுமனே வெளியே வந்து, அவள் தோளைத் தேடிப் பிடித்தது.

"உன் பையோட ஜிப் மூடுற சத்தம் கேக்கலையே. மூடிக்கோ, சாவி விழுந்துடப் போகுது."