யார் கையில் ஊசி

மரகதவல்லிக்கு நாற்பத்தொரு வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. இரண்டு வருடமாக உடம்பு அனலாய் எரிகிறது. இன்றாவது மருந்து வாங்கிவிட வேண்டும் என்று வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டரம்மாவோ, அவளுக்குப் பின்னால் நின்ற கணவர் சோமசேகரைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ராத்திரி தூங்குறாங்களா?”

“நல்லாத் தூங்குவா மேடம்.”

“நீங்க விடுற குறட்டையில அது எப்படித் தெரிஞ்சுது?” என்றாள் மரகதவல்லி.

“பாத்தீங்களா மேடம், இந்தக் கோபம்தான். வேற ஒண்ணுமில்ல.”

“உடம்பு சூடு?”

“மோர் குடிக்கச் சொல்லியிருக்கேன்.”

“எரிச்சல், வலி?”

“அதெல்லாம் இல்ல மேடம்.”

“இருக்கு. கிட்ட வராதீங்கன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன்” என்றாள். சோமசேகர் மின்விசிறியைப் பார்த்தார்.

டாக்டரம்மா எழுதியபடியே சொன்னார். “ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சிருக்கும். ரத்தம் எடுத்துப் பாக்கலாமா சார்?”

“அவசியமா மேடம்? வயசானா வர்றதுதானே?”

அதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள். மரகதவல்லி எழுந்தாள். கணவரைத் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். அவருடைய சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, மணிக்கட்டை மேசைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“இவர்கிட்டயே எடும்மா. என் உடம்புல நடக்கறதெல்லாம் இவருக்குத்தானே தெரியுது.”

சோமசேகர் கையை இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை.

டாக்டரம்மா முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா.”

“சொல்றேன். முதல்ல இவருக்கு எடுத்து முடிக்கட்டும்.”