ஜோசப் போடும் தப்பு

“மறுபடியும் அதையே அணைச்சிட்டியாய்யா!”

பூவராகவன் சாக்பீஸைக் கரும்பலகையில் குத்தினார். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையின் எலக்ட்ரிகல் இன்ஜினீயர். குவார்ட்டர்ஸில் தனிக்கட்டை. எதிரே ஸ்டூலில் அதே ஆலையின் சார்ஜ்மேன் ஜோசப். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் இன்ஜினீயர் பரீட்சை எழுதப்போவதாக, ஷிப்ட் முடிந்ததும் தினமும் பாடம் கேட்க வந்துவிடுவார் ஜோசப்.

“பாட்டரி இண்டிபெண்டன்ட் சோர்ஸ். தன் பலத்துல நிக்கும். கணக்குல அதை அணைக்கலாம். இது டிபெண்டன்ட் சோர்ஸ். வேற இடத்துல கரண்ட் ஓடினாத்தான் இது எதையும் கொடுக்கும். இதுமேல மட்டும் கை வைக்கக் கூடாது. எத்தனை மாசமாச் சொல்றேன்!”

“மண்டையில ஏற மாட்டேங்குது சார். மொதல்ல ஃபீஸைத் துன்னுங்கோ, ஆறிடப்போவுது.”

ஜோசப் டிபன் கேரியரைத் திறந்தார். எறா குழம்பு.

மனைவி இறந்த பிறகு யார் வீட்டிலும் கை நனைக்காதவர் பூவராகவன். பாடத்துக்குக் கூலி என்பதால்தான் இதைத் தொடுகிறார்.

சாப்பிட்டு முடித்ததும் கறாராகச் சொன்னார்: “நாளைக்கும் இதே தப்பைப் போட்டா இனிமே வராதே. உன் சாயங்காலத்தைப் பாழாக்கின பாவம் எனக்கு வேணாம்.”

ஜோசப் போன பின் ரேடியோவைப் போட்டார். உடனே நிறுத்தினார். ஏன் அப்படிச் சொன்னோம்?

மறுநாள் காலை கடைத்தெருவில் ஜோசப்பின் மனைவி ரோசம்மாள் எதிர்ப்பட்டாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பாடம் வராதும்மா. பரீட்சையை விட்டுடச் சொல்லுங்க.”

“இன்னா சார் சொல்றீங்கோ? அந்தப் பேப்பரைப் போன வருசமே பாஸ் பண்ணிட்டாரே!”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

“யாராண்டயும் சொல்லாதேன்னாரு சார். ‘நான் போவலன்னா அந்த மனுசன் வெறும் டீயைக் குடிச்சிட்டுப் படுத்துக்கும்’னு சொல்லிக்கினே கெளம்புவாரு.”

மாலையில் ஜோசப் தயங்கித் தயங்கிக் கணக்கைப் போட்டார். பாட்டரியை அணைத்தார். டிபெண்டன்ட் சோர்ஸைத் தொடவில்லை. விடை துல்லியம்.

“இப்ப சரியா சார்?” குரலில் சந்தோஷமே இல்லை.

பூவராகவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையால் விடையை அழித்தார்.

“தப்பு. நாளைக்கு வா.”