அசைந்த பந்து

சர்ரே கோல்ஃப் மைதானத்தின் கடைசிக் குழி. உயரப் புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்கக் குனிந்த க்ளைவ் சட்டென்று நிமிர்ந்தான்.

"மட்டை பட்டு பந்து அசைஞ்சிடுச்சு."

"யாரும் பார்க்கல. கேமராவும் இந்தப் பக்கம் இல்ல. வாயை மூடிக்கிட்டு அடிடா!" பல்லைக் கடித்தான் அருகில் நின்ற ட்ரெவர்.

"நான் பார்த்தேனே!"

"கோப்பை போயிடும்டா, பைத்தியக்காரா!"

க்ளைவ் கையைத் தூக்கி நடுவரை அழைத்துச் சொன்னான். அவர் அவன் கணக்கில் ஒரு ஷாட்டை அபராதமாகக் கூட்டினார். பிறகு திரும்பினார்.

"இதுவரைக்கும் ரெண்டு பேரும் சமம். இப்ப முன்னால நிக்கிறது நீங்கதான், ட்ரெவர்."

எதிர் ஆட்டக்காரனான ட்ரெவரின் முகம் வெளுத்தது.

"கொஞ்சம் இருங்க சார். பத்தாவது குழியில என் பந்தும் அசைஞ்சுது. அப்பவும் யாரும் பார்க்கல."