கேமராவைப் பாருங்க ஐயா

"ஏய், கரையேறு! புடிச்சது போதும்!"

ரங்கன் போட்ட சத்தத்தில் வரப்பே அதிர்ந்தது. வயல் தண்ணீர் ஏரிக்குப் போகும் வடிகாலில், கழுத்தளவு நீரில் உட்கார்ந்து இறால் தடவிக்கொண்டிருந்த பெண் அசையவே இல்லை. பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி அவரை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி தடவத் தொடங்கினாள்.

"உங்க வடிகால்ல வந்து திருடுறாங்களா ஐயா?" என்றாள் செசிலியா. சென்னையில் இயற்கை அரிசிக் கடை நடத்துகிறவள். ரங்கனின் நெல்லைப் பார்க்கப் பழவேற்காடு வரை வந்திருந்தாள்.

"அவள அடக்க யாரால ஆவும்? நீ கேளும்மா."

உரத்தை நிறுத்தியதிலிருந்து விளைச்சல் பாதிதான். செசிலியா நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த போகம் பழையபடி பூச்சிமருந்துக் கடை வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

செசிலியா வீடியோ எடுக்கச் செல்போனை நீட்டினாள். "நெல்லு பிரமாதம் ஐயா. ஆனா வாங்குறவங்க கதை கேப்பாங்க. உரம், பூச்சிமருந்து எல்லாத்தையும் ஏன் விட்டீங்க?"

"சோம்பேறித்தனம்தான். மருந்து டேங்க்கைத் தூக்குனா முதுகு புடிச்சுக்குது."

"ஐயா, கேமராவைப் பாருங்க. மண்ணு, மண்புழு, பூமித்தாய்னு எதாச்சும்..."

"மண்புழுவா? என்னப் பாத்தா அது இன்னும் உள்ள பூந்துக்கும்." ரங்கனின் கண் திரும்பவும் வடிகாலுக்கே போயிற்று. "இந்த மூஞ்சி இன்னாத்துக்கும்மா? நம்மூரு டச்சுக்காரன் கல்லறை வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வச்சிக்கிறான். அத்தப் படம் புடி, என்னவிட லட்சணமாக் கீது."

செசிலியாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

"இப்படியே பேசினா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க ஐயா. உண்மையான காரணம்னு ஒண்ணு இருக்குமே?"

"கீது. சொன்னா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்." ரங்கன் தலையைச் சொறிந்தார். மீசை வைத்த மனிதர் வெட்கப்படுவதைச் செசிலியா அன்றுதான் பார்த்தாள்.

அதற்குள் வடிகாலில் இருந்தவள் கரையேறி அவர்களிடமே வந்துவிட்டாள். பறியை வாயிலிருந்து எடுத்தாள். வாய் நிறைய இருந்த தண்ணீரைத் துப்பினாள்.

"ஐயோ, வயல்லேருந்து வடியுற தண்ணியாச்சே! வாய்க்குள்ள போயிடுச்சா?" என்று பதறினாள் செசிலியா.

"தெனமும்தான் போவுது. ரெண்டு கையும் தண்ணிக்குள்ள தடவுது, பறிய வாயில கவ்வாம வேற எங்க வைக்கிறது?" அவள் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே ரங்கனைப் பார்த்தாள். "இன்னாய்யா, இன்னும் சொல்லலியா நீ?"

ரங்கன் அப்போதுதான் முதல் தடவையாகக் கேமராவைப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டிம்மா. வயல்ல நான் எத்த ஊத்துனாலும் இவ வாயிலதான் வந்து சேருது."