படிகத்துக்கு அடியில் ஒரு விரல்

தொண்ணூற்றாறில், போத்தனூர் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் லோகப்பிரியா நாற்பது நாளாக வளர்த்த படிகத்தை யாரோ தினமும் எடுத்துப் பார்த்தார்கள். திருட்டு என்று சொல்ல முடியாது. படிகம் கரைசலுக்குள் அதே நூலில்தான் தொங்கும். மேலே மூடிய வடிதாள் மட்டும் காலையில் விலகியிருக்கும். அவளைத் தவிர சாவி இருந்தது மூத்த ஆய்வு மாணவர் கிருபாசங்கரிடம்.

அன்று படிகத்தைத் துடைத்துத் தாளில் வைத்தாள். அடியிலிருந்த பென்சில் புள்ளி இரண்டாகத் தெரிந்தது. இந்த வகைப் படிகம் நன்றாக வளர்ந்திருந்தால், அடியில் உள்ள எதையும் அப்படி இரண்டாகத்தான் காட்டும். படிகத்துக்கு அடியில் தன் விரலை நுழைத்தாள். நகத்துக் கீறலும் இரண்டு.

"ஏனுங்கண்ணா, இதை நீங்க எடுத்தீங்களா?"

"நா எதுக்கு அம்மணி எடுக்கறேன்?" என்றபடி அவரும் விரலை அடியில் நீட்டினார்.

தாளில் புள்ளி இரண்டு. அவர் விரல்நுனி மச்சம் மட்டும் ஒன்றாகவே தெரிந்தது. படிகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அப்போதும் ஒன்றுதான்.

"ரெண்டாத் தெரியுதுங்களா?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"தெரியுதுங்க" என்றாள், நிமிராமல்.

கிருபாசங்கர் பெருமூச்சு விட்டார். "அப்பாடா. தெனமும் எடுத்துப் பாக்கறேன், என்ற வெரலு மட்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. அப்ப என்ற கண்ணுலதான் கோளாறு."