ஏரிக்கரைக்குப் போன தடி நாவல்

இத்தாலியில் ஏதோ ஓர் ஏரிக்கரைக்கு விடுமுறையில் கிளம்பிய பூங்கோதை, அங்கே உட்கார்ந்து படிக்க அலமாரியில் புத்தகம் தேடினாள். அங்கிருந்த தடி நாவல் பின்னுக்கு ஒதுங்கப் பார்த்தது. போன வருஷம் கொடைக்கானல் வரை போய், பிரிக்கப்படாமலே திரும்பி வந்து, மற்ற புத்தகங்களிடம் அது பட்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல.

கனமான புத்தகம்தான் கௌரவம் என்று பூங்கோதை மறுபடியும் அதையே எடுத்தாள். பெட்டியில் ஆவக்காய் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தள்ளிப் படு. எண்ணெய் பட்டா கறை போகாது. நான் இலக்கியம்" என்றது நாவல்.

"சரிங்க" என்று ஒதுங்கியது பாட்டில்.

ஏரிக்கரையில் ஆவக்காய்க்கு மூன்று வேளையும் அழைப்பு வந்தது, பாஸ்தாவுக்குக்கூட. நாவல் ஒரே ஒருநாள் வெளியே வந்தது. பூங்கோதை அதை நடுவில் விரித்து, காபிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்து, பின்னால் ஏரி தெரியப் படம் பிடித்தாள். 'என்னை உலுக்கிய புத்தகம்' என்று எழுதிப் போட்டுவிட்டு மூடிவைத்தாள்.

ஊருக்குத் திரும்பும்போது, நல்ல பாட்டிலைத் தூக்கிப்போட மனமில்லாமல் காலி பாட்டிலையும் பெட்டியில் வைத்தாள். இருட்டில் நாவல் மெல்ல அதனிடம் நகர்ந்தது.

"அடியில எண்ணெய் மிச்சமிருக்கா? என் மேல ஒரு சொட்டு விடேன். படிச்சாங்களான்னு அலமாரியில கேப்பாங்க."